வலிக்கான திபெத்திய மூலிகை ஒன்றைச் சோதிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திபெத்தியப் பீடபூமியில் காயத்துக்கும் மூட்டுவலிக்கும் தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கப்பட்டுவரும் லேமியோஃப்லோமிஸ் ரொட்டாட்டா என்னும் மூலிகை, வலியையும் அழற்சியையும் உண்மையிலேயே குறைக்கிறதா என்பதை ஆய்வாளர்கள் எவ்வாறு சோதிக்கிறார்கள் என்று இங்கே விளக்கப்படுகிறது. மருந்தியல் மாணவர்களும், மூலிகை மருந்துகளை வாங்கிப் பயன்படுத்துவோரும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை.

இது என்ன செடி? எங்கே வளர்கிறது?

நம் ஊர்த் தும்பையும் துளசியும் அடங்கிய லேமியேசி குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுச் செடி இது. தண்டு என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் இல்லாமல், சுருக்கம் விழுந்த தடித்த இலைகள் தரையோடு தரையாக விரிந்து படுத்திருக்கும். அவற்றின் நடுவிலிருந்து குட்டையான கதிர் ஒன்று எழுந்து ஊதா நிறப் பூக்களைத் தாங்கும். திபெத், சிங்ஹாய், கான்சு, சிச்சுவான், யுன்னான் ஆகிய பகுதிகளின் உயர்மலைப் புல்வெளிகளில் ஏறக்குறைய 2,700 மீட்டரிலிருந்து 4,900 மீட்டர் உயரம் வரை இது வளர்கிறது. நேபாளம், பூட்டான், சிக்கிம் ஆகிய இமயமலைப் பகுதிகளிலும் காணப்படுகிறது.

சோவா ரிக்பா எனப்படும் திபெத்திய மருத்துவத்தில் அடிபட்ட காயம், எலும்பு முறிவு, இரத்தக் கசிவு, மூட்டுவலி, அத்துடன் அம்மருத்துவம் 'மஞ்சள் நீர்' நோய் என்று வகைப்படுத்தும் வீக்க நோய்கள் ஆகியவற்றுக்கு இது தரப்படுகிறது. சீனாவின் அரசு மருந்து நூலில் இது இடம்பெற்றுள்ளது. அங்கே 'தூயிவேய்' என்ற பெயரில் இதன் கேப்சூல்கள் மருந்துக் கடைகளில் விற்கப்படுகின்றன. ஷான்ஷிசைடு மெத்தில் எஸ்டர் முதலிய இரிடாய்டு கிளைகோசைடுகளும் (கிளைகோசைடு என்பது சர்க்கரை மூலக்கூறு இணைந்த சேர்மம்), வெர்பாஸ்கோசைடு, ஃபோர்சித்தோசைடு-பி போன்ற ஃபீனைல் எத்தனாய்டு கிளைகோசைடுகளும், லுட்டியோலின் வகை ஃபிளேவனாய்டுகளும் இதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டுள்ள முக்கியச் சேர்மங்கள்.

இவ்வளவு காலம் மக்கள் பயன்படுத்தியதே போதுமான சான்று இல்லையா? ஏன் சோதிக்க வேண்டும்?

சோவா ரிக்பா ஓர் எழுத்து மரபு. அதன் மூலநூலான 'கியூஷி' 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூதோக் யோந்தன் கோன்போவின் பெயரோடு இணைத்துப் பேசப்படுகிறது. 1696இல் லாசாவில் சக்போரி மருத்துவக் கல்லூரியும் 1916இல் மென்-சீ-காங் நிறுவனமும் தொடங்கப்பட்டன. அந்நிறுவனம் 1961இல் இந்தியாவின் தரம்சாலாவில் மீண்டும் நிறுவப்பட்டது. இந்திய அரசு 2010இல் சட்டத் திருத்தம் மூலம் சோவா ரிக்பாவை அங்கீகரித்தது. இத்தகைய மரபு சொல்வதை அலட்சியமாக ஒதுக்குவது அறிவீனம்.

ஆயினும் வலி என்பது தானாகவே ஏறி இறங்கும் இயல்புடையது. எலும்பு முறிந்தவரின் வலி, மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், சில வாரங்களில் தணியும். மூட்டுவலிக்காரர் வலி உச்சத்தில் இருக்கும் நாளில்தான் மருத்துவரைத் தேடி வருகிறார். அதன் பிறகு வலி குறைவதற்கே வாய்ப்பு அதிகம். இந்த இரண்டையும் மருந்தின் பலனிலிருந்து பிரித்துக் காட்ட, மருந்து கொடுக்கப்படாத ஒரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த ஒப்பீட்டை மரபு அனுபவத்திலிருந்து பெற முடியாது.

அதே வேளையில், எந்த வலியில் இம்மூலிகையைச் சோதிக்க வேண்டும் என்பதை மரபுதான் சொல்கிறது. காயம் பட்டு, வீங்கி, நாட்பட நீடிக்கும் வலிக்கு அவர்கள் இதைக் கொடுத்தார்கள். இந்தக் குறிப்பை மறந்துவிட்டு, கைக்கு எளிதாகக் கிடைக்கும் ஏதோ ஒரு சோதனையில் மூலிகையைப் போட்டுப் பார்த்து 'பலன் இல்லை' என்று எழுதுவதுதான் இத்துறையில் நடக்கும் பெரிய அநீதி என்பது என் உறுதியான கருத்து. அது ஏன் என்பது கீழே விளங்கும்.

சோதனையைத் தொடங்கும் முன் உறுதிசெய்ய வேண்டியது என்ன?

கையில் இருப்பது அந்தச் செடிதானா என்பதை. இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் எடையைக் குறைக்கக் கொடுக்கப்பட்ட சீன மூலிகைக் கலவையில், ஸ்டெஃபானியா என்ற செடிக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா என்ற செடி தவறுதலாகச் சேர்ந்துவிட்டதால் பல பெண்களின் சிறுநீரகங்கள் நிரந்தரமாகப் பழுதடைந்தன. சிலருக்குப் பிற்காலத்தில் சிறுநீர்ப் பாதைப் புற்றுநோயும் வந்தது. உலர்ந்து நொறுங்கிய வேரையும் இலையையும் கண்ணால் மட்டும் பார்த்து அடையாளம் சொல்வது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆகவே, பூவோடும் வேரோடும் சேகரித்து அழுத்தி உலர்த்திய மாதிரி ஒன்று தாவரக் காப்பகத்தில் எண்ணிடப்பட்டு வைக்கப்பட வேண்டும். தாவரவியலாளர் ஒருவர் அதை அடையாளம் கண்டு உறுதிசெய்திருக்க வேண்டும். அதன் பிறகு சாற்றில் ஷான்ஷிசைடு மெத்தில் எஸ்டர் போன்ற அடையாளச் சேர்மங்கள் எவ்வளவு உள்ளன என்பதை, கலவையின் சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் நிறப்பகுப்பியல் முறையில் அளந்து பதிவுசெய்ய வேண்டும். ஒரே செடியாக இருந்தாலும், பறித்த உயரம், பருவம், உலர்த்திய விதம் ஆகியவற்றைப் பொறுத்து இந்த அளவு மாறும். ஈயம், காட்மியம், ஆர்செனிக், பாதரசம் ஆகியவற்றின் அளவையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது.

எந்த உறுப்பைப் பயன்படுத்துகிறோம் என்பதும் முக்கியம். முன்பு வேரோடு முழுச் செடியும் மருந்தாகக் கொள்ளப்பட்டது. இப்போதைய சீன மருந்து நூல் நிலத்துக்கு மேலுள்ள பகுதியை மட்டுமே ஏற்கிறது. வேரைத் தோண்டினால் செடி அழியும். குளிரான உயர்மலையில் அது மீண்டும் முளைத்துப் பருவமடையப் பல ஆண்டுகள் ஆகும். எனவே வேர்ச்சாற்றில் கண்ட முடிவை இலைச்சாற்றுக்கும், இலைச்சாற்றில் கண்டதை வேர்ச்சாற்றுக்கும் ஏற்றிச் சொல்லக்கூடாது. இரண்டையும் அருகருகே வைத்துச் சோதிக்க வேண்டும்.

சாறு எடுக்கும் முறை முடிவை மாற்றிவிடுமா?

நிச்சயமாக மாற்றும். கிளைகோசைடுகள் நீரில் கரைபவை என்பதால், மரபில் உள்ளதுபோல் நீரில் கொதிக்க வைத்து எடுக்கும் கஷாயத்திலேயே இம்மூலிகையின் முக்கியச் சேர்மங்கள் இறங்கிவிடுகின்றன. ஹெக்சேன் போன்ற கரைப்பானில் எடுத்த சாற்றில் அவை அநேகமாக இருக்காது. அந்தச் சாற்றைச் சோதித்துக் கிடைத்த முடிவு, திபெத்தியர் குடித்த மருந்தைப் பற்றிய முடிவு ஆகாது.

இன்னொரு குழப்பம் அளவில் வருகிறது. 'கிலோவுக்கு 200 மில்லிகிராம்' என்று எழுதியிருந்தால், அது உலர்ந்த சாற்றின் எடையா, உலர்ந்த மூலிகையின் எடையா என்று கேட்க வேண்டும். நூறு கிராம் மூலிகையிலிருந்து 20 கிராம் சாறு கிடைப்பதாக வைத்துக்கொண்டால், இந்த இரண்டுக்கும் இடையில் ஐந்து மடங்கு வித்தியாசம் வந்துவிடும்.

விலங்குக்கு வலிக்கிறது என்பதை எப்படி அளக்கிறார்கள்?

எலியால் 'வலிக்கிறது' என்று சொல்ல முடியாது. அதன் நடத்தையைப் பார்த்து நாம் ஊகிக்கிறோம். ஒவ்வொரு சோதனையும் வலியின் வெவ்வேறு முகத்தைத் தொடுகிறது என்பதால் அவற்றைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

சுடுதட்டுச் சோதனை 1940களிலிருந்து வழக்கில் உள்ளது. 55 டிகிரி செல்சியசில் நிலைநிறுத்திய உலோகத் தட்டின் மேல் கண்ணாடி உருளை ஒன்றுக்குள் சுண்டெலி விடப்படுகிறது. சில நொடிகள் அது மோப்பம் பிடித்தபடி நடக்கும். பிறகு பின்னங்காலைத் தூக்கி நக்கும், அல்லது துள்ளும். அந்த நொடியில் கடிகாரம் நிறுத்தப்பட்டு, சுண்டெலி உடனே வெளியே எடுக்கப்படும். பாதம் வெந்துவிடாமலிருக்க 30 அல்லது 60 நொடி என்று உச்சவரம்பு வைத்திருப்பார்கள். அதற்குள் நக்காவிட்டாலும் எடுத்துவிடுவார்கள். ஆண் சுண்டெலிகளின் விதைப்பை தட்டில் பட்டுக் கணக்கைக் கெடுக்கும் என்பதால் பல ஆய்வகங்கள் இச்சோதனைக்குப் பெண் சுண்டெலிகளையே தேர்ந்தெடுக்கின்றன. மார்ஃபின் கொடுத்தால் இந்த நேரம் தெளிவாக நீளும். ஆஸ்பிரின் வகை மருந்துகள் இதில் பெரும்பாலும் தோற்றுப்போகும், ஏனெனில் இங்கே அழற்சி எதுவும் இல்லை. நல்ல தோலைச் சூடு தொடும்போது எழும் உடனடி எச்சரிக்கை வலி மட்டுமே இருக்கிறது.

அசிட்டிக் அமிலச் சோதனையில் நீர்த்த அமிலம் வயிற்றறைக்குள் ஊசி மூலம் செலுத்தப்பட்டு, சுண்டெலி வயிற்றை இழுத்து உடலை நீட்டிச் சுருக்கும் தடவைகள் குறிப்பிட்ட நிமிடங்களுக்கு எண்ணப்படுகின்றன. இது மிக நுண்ணுணர்வு கொண்டது. மென்மையான வலிநிவாரணிகளையும் காட்டிவிடும். ஆனால் தூக்கம் தரும் பொருளும் தசையைத் தளர்த்தும் பொருளும்கூட இதில் 'வலிநிவாரணி'யாகத் தேர்ச்சி பெற்றுவிடும். இதை மட்டும் வைத்து முடிவு எழுதிய கட்டுரையை நான் முழுமையான சான்றாக ஏற்பதில்லை.

ஃபார்மலின் சோதனை 1977இல் விவரிக்கப்பட்டது. நீர்த்த ஃபார்மலின் மிகச் சிறிய அளவில் பாதத்தில் செலுத்தப்படும். முதல் ஐந்து நிமிடம் விலங்கு பாதத்தை உதறும், நக்கும். பிறகு சில நிமிடங்கள் அமைதியாகிவிடும். அதன்பின் இரண்டாம் கட்டம் தொடங்கி நெடுநேரம் நீடிக்கும். முதல் கட்டம் நரம்பு நுனிகளை ஃபார்மலின் நேரடியாகத் தூண்டுவதால் வருவது. இரண்டாம் கட்டத்தில் பாதத்தின் அழற்சியும், தண்டுவடத்தில் வலிச் செய்திகள் பெரிதுபடுத்தப்படுவதும் சேர்ந்துகொள்கின்றன. ஒரே விலங்கில், ஒரே அமர்வில், இருவகை வலிகளையும் பிரித்துப் பார்க்க முடிவது இதன் சிறப்பு.

நரம்பு பாதிப்பால் வரும் நாட்பட்ட வலியைச் சோதிக்க, தண்டுவட நரம்பு ஒன்று அறுவை மூலம் இறுகக் கட்டப்படுகிறது. சில நாள்களில் அந்தப் பாதம் மெல்லிய தொடுகையைக்கூடத் தாங்காமல் விலகும். வெவ்வேறு அழுத்தம் தரும் வான் ஃபிரே இழைகளைப் பாதத்தில் அழுத்தி, எந்த இழையில் கால் விலகுகிறது என்று பதிவுசெய்வார்கள்.

இந்த மூலிகையில் அச்சோதனைகள் என்ன காட்டின?

ஷாங்காய் ஜியாவ் தோங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வுதான் இதில் மிகவும் கவனத்துக்குரியது. இம்மூலிகையின் நீர்ச்சாற்றை வாய்வழியாகக் கொடுத்தபோது, ஃபார்மலின் சோதனையின் நீடித்த இரண்டாம் கட்ட வலி குறைந்தது. நரம்பு கட்டப்பட்ட விலங்குகளின் தொடுவலியும் குறைந்தது. ஆனால் உடனடியாக எழும் கூர்மையான வலி எதிர்வினைகளில் அது கைவைக்கவில்லை. தொடர்ந்து பல நாள் கொடுத்தும், மார்ஃபினுக்கு நேர்வதுபோல் பலன் தேய்ந்துபோகும் நிலை தென்படவில்லை.

இந்த முடிவை ஒரு கணம் நிதானித்துப் பார்க்க வேண்டுகிறேன். சுடுதட்டு போன்ற உடனடி வலிச் சோதனையை மட்டும் வைத்திருக்கும் ஓர் ஆய்வகம் இம்மூலிகையை எடுத்திருந்தால் 'வலிநிவாரணப் பண்பு இல்லை' என்று முடிவு எழுதிக் கோப்பை மூடியிருக்கும். நீடித்த வலியையும் நரம்பு வலியையும் சேர்த்துச் சோதித்ததால்தான் உண்மை வெளிப்பட்டது. உடனடி எச்சரிக்கை வலி நம்மைக் காப்பாற்றுவது. சூடான பாத்திரத்திலிருந்து கையை இழுக்க வைப்பது அதுதான். அதை மழுங்கடிக்காமல், நோயாகிப்போன வலியை மட்டும் தணிக்கும் பொருள் கிடைத்தால், நாட்பட்ட வலியோடு வாழ்பவர்களுக்கு அது பெரும் பேறு. காயம் பட்டு வீங்கிய நிலைக்கு இதைக் கொடுத்த மரபோடும் இம்முடிவு இசைந்து போகிறது.

அது எவ்வாறு வேலை செய்கிறது என்று தெரியுமா?

தடுப்பான்களை வைத்து இதை ஆராய்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட ஏற்பியை, அதாவது வேதிச் செய்தியைப் பெற்றுக்கொள்ளும் உயிரணுப் புரதத்தை, அடைக்கும் பொருளை முன்னதாகக் கொடுத்துவிட்டு, பிறகு மூலிகையைக் கொடுத்தால் பலன் மறைகிறதா என்று பார்ப்பதே முறை. மார்ஃபினின் செயலைத் தடுக்கும் நாலோக்சோன் கொடுத்துப் பலன் மறைந்தால் மார்ஃபின் வகை ஏற்பிகள் சம்பந்தப்பட்டுள்ளன என்று கொள்ளலாம். இம்மூலிகையில், தண்டுவடத்தில் உள்ள, ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனுக்கான ஏற்பியை எக்செண்டின்(9-39) என்ற பொருளால் அடைத்தபோது வலி குறைப்பு தடைபட்டது. அதே குழுவினர் 2016இல், ஷான்ஷிசைடு மெத்தில் எஸ்டர் தண்டுவடத்தின் மைக்ரோகிளியா எனப்படும் நோயெதிர்ப்பு உயிரணுக்களைத் தூண்டி, உடலின் சொந்த வலிநிவாரணியான பீட்டா-எண்டார்ஃபினை உருவாக்கச் செய்கிறது என்று தெரிவித்தனர்.

ஜிஎல்பி-1 என்றதும் சிலருக்குச் செமாகுளூடைடு போன்ற நீரிழிவு, எடைக்குறைப்பு ஊசிகள் நினைவுக்கு வரும். அந்த ஊசிகளும் இதே ஏற்பி வழியாகத்தான் செயல்படுகின்றன. அதை வைத்து இம்மூலிகை எடையைக் குறைக்கும் என்றோ சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் என்றோ யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். தண்டுவடத்தில் எலியிடம் கண்ட ஒரு செயல், மனிதரின் கணையத்திலும் பசியிலும் நிகழ்வதாகப் பொருள் ஆகாது.

அழற்சியை எப்படி அளக்கிறார்கள்?

கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் கேரஜீனன் என்ற பொருளின் 1 சதவீதக் கரைசலை எலியின் பின்பாதத்தில் செலுத்துவது 1962இலிருந்து வழங்கிவரும் முறை. பாதத்தைக் கணுக்கால் குறிவரை திரவம் நிரம்பிய குழாயில் அமிழ்த்தி, எவ்வளவு திரவம் இடம்பெயர்கிறது என்று மணிக்கு ஒருமுறை அளப்பார்கள். முதல் ஒன்றரை மணி நேர வீக்கத்துக்கு ஹிஸ்டமின், செரோட்டோனின் என்னும் உடலின் வேதிப்பொருள்கள் காரணம். அதற்குப் பின் பிராடிகைனினும் புரோஸ்டாகிளாண்டின்களும் பொறுப்பேற்கின்றன. மூன்றிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் வீக்கம் உச்சம் தொடும். இண்டோமெத்தசின் போன்ற அழற்சி எதிர்ப்பு மருந்து பிற்பகுதி வீக்கத்தைத்தான் அழுத்தும். ஆகவே மூலிகைச் சாறு எந்த மணி நேரத்தில் வீக்கத்தைக் குறைக்கிறது என்பதைக் கவனித்தால் அது எங்கே கைவைக்கிறது என்பதற்குக் குறிப்புக் கிடைக்கும்.

கணக்கு எளிது. உதாரணமாக, வெறும் நீர் பெற்ற குழுவில் பாதம் 0.8 மில்லிலிட்டர் வீங்கியது, சாறு பெற்ற குழுவில் 0.5 மில்லிலிட்டர் வீங்கியது என்றால், வீக்கக் குறைப்பு 37.5 சதவீதம். இண்டோமெத்தசின் அல்லது டைக்ளோஃபினாக் பெற்ற மூன்றாவது குழு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அறிமுகமான மருந்தே அன்று வேலை செய்யவில்லை என்றால், சோதனை ஒழுங்காக நடக்கவில்லை என்று பொருள்.

ஆனால் கேரஜீனன் வீக்கம் சில மணி நேர விவகாரம். வாத மூட்டழற்சிக்கு நெருங்கிய நிலையை அறிய, நோயெதிர்ப்பைத் தூண்டி மூட்டழற்சியை உண்டாக்கும் ஃபிராய்ண்ட் துணையூக்கி செலுத்தி வாரக்கணக்கில் மூட்டு வீக்கத்தைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஒரே நாளில் வடிந்த வீக்கத்தை வைத்து 'மூட்டுவாதத்துக்கு மருந்து' என்று தலைப்பிடுவதை ஏற்க முடியாது.

உயிரணுக்களில் சோதித்தால் போதாதா? விலங்குகளைத் துன்புறுத்த வேண்டியதில்லையே?

அழற்சியின் ஒரு பகுதியை அப்படிச் சோதிக்கலாம். முதலில் அதைச் செய்வதே முறை. சுண்டெலியின் மேக்ரோஃபேஜ் எனப்படும் நோயெதிர்ப்பு உயிரணுக்களைப் பாக்டீரியாச் சுவர்ப் பொருளால் தூண்டி, அவை வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடு, டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6, புரோஸ்டாகிளாண்டின்-இ2 ஆகிய அழற்சிப் பொருள்கள் சாற்றினால் குறைகின்றனவா என்று பார்ப்பார்கள். இங்கே மூன்று எச்சரிக்கைகள் தேவை. உயிரணுக்கள் செத்துப்போனாலும் இவையெல்லாம் குறையும் என்பதால் அவை உயிரோடு உள்ளன என்று தனியே காட்ட வேண்டும். நீர்ச்சாற்றில் கலந்துவரும் பாக்டீரியா நச்சே முடிவைத் திரித்துவிடும். மேலும், கிண்ணத்தில் வேலை செய்யும் அளவு இரத்தத்தில் எட்டுமா என்பது தனிக்கேள்வி. வெர்பாஸ்கோசைடு வாய்வழி கொடுக்கும்போது குடலிலிருந்து மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது.

வலி என்பதோ உயிரணுவில் இல்லை. மூளையும் தண்டுவடமும் உள்ள உடலில்தான் இருக்கிறது. அதனால் இப்போதைக்கு விலங்குச் சோதனையை முற்றிலும் விட முடியவில்லை. எனக்கு இது நெஞ்சை உறுத்தும் விஷயம். 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற பிரிட்டன் அறிவியலாளர்கள் முன்வைத்த மூன்று நெறிகள், அதாவது விலங்குக்கு மாற்றைத் தேடுவது, எண்ணிக்கையைக் குறைப்பது, வேதனையைத் தணிப்பது, இன்று பல நாடுகளின் விதிகளுக்கு அடிப்படை. இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த குழுவின் விதிகளையும், நிறுவனத்தின் அறநெறிக் குழுவின் முன் அனுமதியையும் மீறி இச்சோதனைகளைச் செய்யக்கூடாது. திட்டமில்லாமல் செய்து எந்த முடிவுக்கும் வர முடியாமல் போன சோதனை, விலங்குக்குக் காரணமில்லாமல் தந்த துன்பம். அதனால்தான் எத்தனை விலங்குகள் தேவை என்பதை முன்கூட்டியே கணக்கிட வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

வலி குறைந்ததா, விலங்கு மயங்கிக் கிடந்ததா என்பதை எப்படிப் பிரிப்பது?

சுழலும் தண்டின் மேல் விலங்கை நிற்க வைத்து, விழாமல் எவ்வளவு நேரம் சமாளிக்கிறது என்று பார்ப்பார்கள். சாறு பெற்ற விலங்கும் நீர் பெற்ற விலங்கும் ஒரே அளவு சமாளித்தால், காலை நக்காததற்குக் காரணம் தூக்கமோ தசைத் தளர்ச்சியோ அல்ல என்று சொல்லலாம். இதோடு, எந்த விலங்குக்கு எது கொடுக்கப்பட்டது என்பதை அளப்பவர் அறியாதிருக்க வேண்டும். காலை நக்கியதா, வெறுமனே தூக்கியதா என்பதைத் தீர்மானிக்கும் கண், எதிர்பார்ப்பு உள்ள பக்கம் சாய்ந்துவிடும்.

எலிக்குக் கொடுத்த அளவை மனிதருக்கு எப்படி மாற்றுவது?

உடல் எடையால் நேரடியாகப் பெருக்கக் கூடாது. உடற்பரப்பை அடிப்படையாகக் கொண்டு, எலியின் அளவை ஏறக்குறைய 6.2ஆலும் சுண்டெலியின் அளவை 12.3ஆலும் வகுப்பது வழக்கம். எலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்றால் மனிதருக்குக் கிலோவுக்குச் சுமார் 32 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 1.9 கிராம் சாறு. இது மனிதச் சோதனையைத் திட்டமிடுவோருக்கான தோராயக் கணக்கு மட்டுமே. வீட்டில் அளந்து குடிப்பதற்கானது அல்ல. மாறாக, சுண்டெலிக்குக் கிலோவுக்கு 2,000 மில்லிகிராம் கொடுத்தால்தான் பலன் தெரிகிறது என்றால், 60 கிலோ மனிதருக்கு அது பத்து கிராம் சாற்றுக்குச் சமம். அது நடைமுறைக்கு ஒவ்வாது.

பாதுகாப்பைப் பற்றி என்ன சோதிக்கிறார்கள்?

ஒரே வேளையில் கிலோவுக்கு 2,000 மில்லிகிராம் வரை கொடுத்து 14 நாள் கவனிப்பது சர்வதேச நெறிமுறைப்படியான முதல் படி. நாட்பட்ட வலிக்கான மருந்து நாட்பட்டு உட்கொள்ளப்படும் என்பதால், 28 நாளும் 90 நாளும் தொடர்ந்து கொடுத்துக் கல்லீரல், சிறுநீரகம், இரத்த அணுக்கள் ஆகியவற்றைப் பரிசோதிப்பது அதைவிட முக்கியம். இம்மூலிகை இரத்தக் கசிவை நிறுத்தவும் பயன்படுவது என்பதால், வார்ஃபரின் முதலிய உறைவுத் தடுப்பு மருந்துகளோடு சேரும்போது என்ன ஆகும் என்பதையும் தனியாகப் பார்த்தாக வேண்டும்.

மனிதர்களிடம் சோதிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

வலிச் சோதனைகளில் வெற்று மாத்திரைக்கும் கணிசமான பலன் தெரியும். எனவே நிறத்திலும் மணத்திலும் சுவையிலும் வேறுபாடு தெரியாத வெற்றுக் கேப்சூல் ஒன்று தேவை. மூலிகையில் இதைச் சாதிப்பது கடினமானது, செய்ய முடியாதது அல்ல. நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட வேண்டும். நோயாளிக்கும் மருத்துவருக்கும் எது எந்தக் கேப்சூல் என்று தெரியக்கூடாது. ஒரு முனை வலியின்மையையும் மறுமுனை தாங்கமுடியாத வலியையும் குறிக்கும் 100 மில்லிமீட்டர் கோட்டில் வலியைக் குறிக்கச் சொல்லி அளக்கலாம். அதோடு, வலி தாங்காதபோது அவர்கள் எடுத்துக்கொண்ட பாராசிட்டமால் மாத்திரைகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட வேண்டும். வலி இரு குழுக்களிலும் ஒரே அளவாகப் பதிவானாலும், மூலிகை பெற்ற குழுவில் பாராசிட்டமால் பாதியாகக் குறைந்திருந்தால் அது கவனிக்கத்தக்க செய்தி. எதை முதன்மை முடிவாகக் கொள்வது என்று சோதனைக்கு முன்பே பொதுப் பதிவேட்டில் அறிவித்திருக்க வேண்டும். பல அளவுகளை எடுத்துவிட்டு, நல்லதாக வந்ததை மட்டும் பிறகு பொறுக்கி எழுதுவதை அந்தப் பதிவு தடுக்கும்.

கேப்சூல் சந்தையில் விற்கிறது என்பது இத்தகைய சோதனையில் தேறியதற்கான அத்தாட்சி ஆகாது.

என் தாயாருக்குப் பல ஆண்டுகளாக மூட்டுவலி. இதை இணையத்தில் வரவழைத்துக் கொடுக்கலாமா?

வேண்டாம் என்பதே என் பதில். உங்கள் தாயாரின் வலியைக் குறைத்து மதிப்பிட்டு இதைச் சொல்லவில்லை. இணையத்தில் வரும் பொட்டலத்தில் எந்தச் செடி இருக்கிறது, எந்த உறுப்பு இருக்கிறது, ஈயம் எவ்வளவு, யாரும் சொல்லாமல் ஸ்டீராய்டு கலக்கப்பட்டிருக்கிறதா என்பதை வீட்டிலிருந்து அறிய வழியில்லை. வயதானவர்கள் ஏற்கெனவே இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்த உறைவு ஆகியவற்றுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். திபெத்திய மருத்துவத்தில் நம்பிக்கை உள்ளவர்கள், தகுதி பெற்ற சோவா ரிக்பா மருத்துவரை நேரில் பார்த்து, உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் அவரிடம் சொல்லி ஆலோசனை பெறலாம். வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமும் அதை மறைக்க வேண்டாம். கர்ப்பிணிகளும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் இதைத் தவிர்த்துவிட வேண்டும்.

சோதனையில் மூலிகை வென்றால் அதன் பலன் யாருக்குச் சேரும்?

இதையும் சோதனைத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். மரபு அறிவைப் பயன்படுத்திக் கிடைக்கும் ஆதாயத்தை அவ்வறிவுக்கு உரியவர்களோடு பகிர வேண்டும் என்பதை 2010இல் உருவாகி 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா என்ற சர்வதேச ஒப்பந்தம் சொல்கிறது. இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் உண்டு. மாதிரி சேகரிக்கப் போகும் குழு, முன் அனுமதியையும் பகிர்வு உடன்படிக்கையையும் ஆய்வு தொடங்கும் முன்பே எழுத்தில் பெற்றிருக்க வேண்டும்.

செடியின் நிலை அதைவிட அவசரமானது. தேவை கூடக்கூட, மலைப்புல்வெளிகளில் வேரோடு தோண்டும் வழக்கமும் கூடும். இலையும் வேரும் ஒரே பலன் தருகின்றனவா என்ற ஒப்பீட்டுச் சோதனைக்கு இந்தக் காரணத்தாலேயே முன்னுரிமை தர வேண்டும். இலையே போதும் என்று உறுதியானால், வேரை நிலத்தில் விட்டு மேற்பகுதியை மட்டும் அறுக்கலாம்; அடுத்த ஆண்டும் அதே இடத்தில் அது துளிர்க்கும். வயலில் பயிரிட்ட செடியிலும் ஷான்ஷிசைடு மெத்தில் எஸ்டர் காட்டுச் செடியில் உள்ள அளவுக்குச் சேர்கிறதா என்பதை, ஒவ்வொரு அறுவடையிலும் மாதிரி எடுத்து அளந்து பார்க்க வேண்டும்.